பீத்திக்காதீங்க, குஞ்சு கொடுங்க!

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் படிப்பது பி.காம். விலங்கியலும் இல்லை, மீன்வளமும் இல்லை. "முதுகுத் துடுப்பில் எத்தனை முள்?" என்று கேட்டு மடக்க நினைப்பவர்கள் இப்போதே வேறு கடை பார்க்கலாம். ஆனால் சரக்கு, இருப்பு, விலை, நட்டம் என்று எழுதி எழுதிக் கை தேய்ந்த ஆள் நான். இது மீன் பற்றிய பதிவு மாதிரித் தெரிந்தாலும் பாதி கணக்குதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வண்ண மீன் வளர்ப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. வீட்டுக்குப் போனால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே தொட்டியைக் காட்டுவார்கள். "தம்பி, இது இந்தியாவிலேயே மூணு பேருகிட்டதான் இருக்கு" என்பார்கள். "குஞ்சு எடுத்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "குஞ்சு எடுத்தா எல்லாவன் வீட்டுக்கும் போயிரும்லா. அப்புறம் இதுக்கு என்ன மதிப்பு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் கட்சி இதுதான். அபூர்வமான மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து, நாலு ஊரில் நாலு பேருக்குக் கொடுப்பவர்தான் அதைக் காப்பாற்றுகிறார். கொடுக்காமல் பூட்டி வைப்பவர் அதை அழிக்கிறார், கொஞ்சம் மெதுவாக. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம ஆத்து மீனு

அபூர்வ மீன் என்றால் அமேசான், ஆப்பிரிக்கா என்று நினைக்காதீர்கள். எங்கள் சாத்தான்குளத்திலிருந்து பஸ் ஏறினால் போய்வரும் தூரத்தில் தாமிரபரணி ஓடுகிறது. பொதிகை மலையில் பிறந்து, ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி, புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. முழுசாகத் தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து முடிகிற ஆறு என்று பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கியிருப்போம். அந்த ஆற்றுப் படுகையை மட்டும் சொந்த ஊராகக் கொண்ட ஒரு கெண்டை இருப்பதை எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

அதன் அறிவியல் பெயர் டாக்கின்சியா தாம்பிரபர்ணியை. ஆற்றின் பெயரையே மீனுக்கு வைத்திருக்கிறார்கள். 1954-ல் ஈ.ஜி. சைலஸ் என்ற விஞ்ஞானி இதை அடையாளம் கண்டு எழுதினார். அப்போது அருளியஸ் என்ற காவிரிப் பக்கத்து மீனின் ஒரு கிளையினமாகத்தான் வைத்தார். 2005-ல் இலங்கையின் ரோஹன் பெத்தியகொடவும் சுவிட்சர்லாந்தின் மோரிஸ் கோட்டலாட்டும் இந்தக் குடும்பத்தை ஆராய்ந்து, இது தனி இனமே என்றார்கள். 2012-ல் இந்தக் கெண்டைக் கூட்டத்துக்கு ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரால் டாக்கின்சியா என்று தனிப் பேரினம் வந்தது. கடவுள் இல்லை என்று புத்தகம் எழுதியவர் பெயர், நவதிருப்பதியும் நவகைலாயமும் இருக்கும் ஆற்று மீனுக்கு! (இதை வைத்துச் சண்டை போட வேண்டாம், மீன் பாவம்.)

ஆண் மீன் வளர்ந்ததும் அதன் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழைகள் நீளும். உடம்பில் கறுப்புத் திட்டுகள், வெளிச்சம் பட்டால் பச்சையும் ஊதாவும் கலந்த மினுமினுப்பு. சும்மா சொல்லக்கூடாது, அழகு. ஐ.யூ.சி.என். இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வைத்திருக்கிறது. ஆற்றோரத்தில் நாம் இதையும் சேர்த்துக் "கெண்டை" என்று சொல்லிக் குழம்பு வைத்துவிடுவோம்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வெளிநாட்டு மீன் வளர்ப்பவர்களுக்கு இந்த மீன் புதிது இல்லை. அருளியஸ் என்ற தப்பான பெயரில் அவர்கள் தொட்டிகளில் நீந்திய மீன்களில் பெரும்பகுதி தாமிரபரணி மீன்தான். பெயர் தெரியாமலேயே வளர்த்து, முட்டை எடுத்து, குஞ்சு கொடுத்து வைத்திருக்கிறான். நாம்? பிளாஸ்டிக் கவரில் வருகிற கப்பி, கோய், ஃபைட்டர் மூன்றையும் வைத்துக்கொண்டு நானும் மீன் வளர்க்கிறேன் என்கிறோம்.

கப்பி வளர்ப்பவர்கள் கோபப்பட வேண்டாம். சென்னை கொளத்தூர் பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த மீன்களை நம்பித்தான் வாழ்கின்றன. ஒரு பெரிய தொழிலையே வீட்டு மொட்டைமாடியிலும் கொல்லையிலும் வைத்து நடத்திக்காட்டியவர்கள் அவர்கள். அவ்வளவு கைத்திறமை இருக்கும் ஊரில் சொந்த ஆற்று மீனுக்கு ஒரு தொட்டி ஒதுக்க ஆள் ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான் என் கேள்வி.

மிஸ் கேரளாவின் கதை

ஏன் ஆள் இல்லை என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

மலபார் ஆறுகளில் ஒரு மீன். உடம்பின் நடுவே கறுப்புக் கோடு, அதன் மேல் ரத்தச் சிவப்பில் இன்னொரு கோடு. 1865-ல் ஃப்ரான்சிஸ் டே அதற்குப் பெயர் வைத்தபோது, அன்றைய சென்னை மாகாண கவர்னர் டெனிசனின் பெயரை வைத்தார். அதற்குப் பிறகு நூற்றுச் சொச்சம் வருடம் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1997-ல் சிங்கப்பூர் அக்வாராமா கண்காட்சியில் புதிய இனங்கள் பிரிவில் மூன்றாம் பரிசு வாங்கியது. அன்றிலிருந்து அதற்கு "மிஸ் கேரளா" என்று பெயர், பின்னாலேயே கிராக்கி.

கிராக்கி வந்ததும் என்ன செய்தோம்? வளர்த்தோமா? வலையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஆபத்தில் உள்ள 30 நன்னீர் மீன் இனங்களைச் சேர்ந்த 15 லட்சம் மீன்களாவது ஏற்றுமதியாகியிருக்கின்றன. அதில் பெரும் பங்கு வாங்கிய இனங்களில் மிஸ் கேரளாவும் ஒன்று. 15 லட்சம் மீனுக்கும் சேர்த்து நாட்டுக்கு வந்த பணம் ஏறக்குறைய 17 லட்சம் டாலர். மீன் ஒன்றுக்கு ஒரு டாலரும் கொஞ்சம் சில்லறையும். ஆற்றையே சுரண்டி விற்று, கடைசியில் ஒரு சினிமா டிக்கெட் காசு கூட நிற்கவில்லை.

2008-ல் கேரள அரசு பிடிப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. கொச்சி பனங்காடு மீன்வளக் கல்லூரியில் ஹார்மோன் கொடுத்து இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தும் காட்டினார்கள். ஆக, வளர்க்க முடியாத மீன் இல்லை. அதே நேரத்தில் தென்கிழக்கு ஆசியப் பண்ணைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக உற்பத்தி பண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு நம் பங்குக்கு ஒரு காமெடி. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தியபோது, இந்த மீனைப் புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணையில் தூக்கி வைத்தார்கள். கேட்கப் பெருமையாக இருக்கிறது இல்லையா? அந்த அட்டவணையில் இருக்கிற உயிரை அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ஆற்றில் பிடிப்பவனைத் தடுப்பது நியாயம். தொட்டியில் முட்டை எடுத்து வளர்ப்பவனையும் அதே கம்பால் அடிப்பது என்ன நியாயம்? இந்தோனேசியாவில் பிறந்த மிஸ் கேரளா ஐரோப்பாவில் ஜம்மென்று நீந்தும். கண்ணூர்க்காரன் வீட்டில் பிறந்தால் கேஸ்.

சட்டம் போட்டவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக நான் தயாரில்லை. 1997 முதல் 2022 வரை 25 வருடம் கையில் இருந்தது. அந்த 25 வருடத்தில் நம்மூர் ஆர்வலர்கள் வீடு வீடாக இதை வளர்த்து, இது தொட்டியில் பிறந்த மீன் என்று கணக்கு வைத்திருந்தால், "ஐயா, இது ஆத்து மீன் இல்ல, எங்க வீட்டு மீன்" என்று அதிகாரியிடம் நோட்டை நீட்டியிருக்கலாம். நீட்ட நோட்டு இல்லை.

முருங்கைக்காய்க் கணக்கு

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். "லாபம் இருந்தா தன்னாலே வளர்ப்பான்" என்று சொல்பவர்களுக்காக இந்தப் பகுதி.

எங்கள் பக்கம் முருங்கை அதிகம். விலை ஏறுகிற வருடம் எல்லாரும் முருங்கை போடுவார்கள். அடுத்த வருடம் எல்லார் காயும் ஒன்றாகச் சந்தைக்கு வரும். விலை விழும். பறிக்கிற கூலிக்கே கட்டாமல் மரத்திலேயே விட்டுவிடுவார்கள். சிலர் வெட்டியும் போடுவார்கள். அதற்கு அடுத்த வருடம் காய் இல்லை, விலை ஏறும். பொருளாதாரப் புத்தகத்தில் இதற்குச் சிலந்திவலைக் கோட்பாடு என்று பெயர்.

அபூர்வ மீனுக்கும் இதே கதைதான். சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதலில் குஞ்சு எடுத்தவர் ஒரு ஜோடி 1000 ரூபாய்க்கு விற்கிறார். அதைப் பார்த்துப் பத்துப் பேர் இறங்குகிறார்கள். 400 ஆகிறது, 80 ஆகிறது. தீவனக் காசு, கரன்ட் பில் கட்டவில்லை. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் தொட்டியைக் காலி செய்து வேறு மீன் போடுகிறார்கள். மூன்று வருடம் கழித்து யாரோ ஒருவர் "அந்த மீன் கிடைக்குமா?" என்று கேட்டால் ஊரில் ஒரு ஜோடி கூட இல்லை.

இங்கேதான் முருங்கைக்கும் மீனுக்கும் வித்தியாசம். முருங்கை விலை விழுந்து எல்லாரும் வெட்டினாலும் யாரோ ஒருவர் வேலியோரத்தில் ஒரு மரம் நிற்கும். ஒரு போத்து ஒடித்து நட்டால் மறுபடியும் தோப்பு. மீனுக்கு வேலியோரம் கிடையாது. கடைசி ஜோடி போனால் போனதுதான். அடுத்த முறை கிராக்கி வரும்போது சரக்கு எங்கிருந்து வரும்? ஆற்றிலிருந்துதான். அதாவது வளர்ப்பவர்கள் கைவிடுகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கடனை ஆறு கட்டுகிறது.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "அபூர்வ மீன் போடு, கோடீஸ்வரன் ஆகலாம்" என்று கிளப்பிவிடுகிறவர்கள். அவர்களுக்கு ஒரே பதில், ஈமு கோழி. 2012-ல் பெருந்துறைப் பக்கம் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும். கறி தின்ன ஆள் இல்லை, முட்டை வாங்க ஆள் இல்லை. குஞ்சு வாங்கியவர்கள் எல்லாரும் அடுத்தவனுக்குக் குஞ்சு விற்கலாம் என்ற நம்பிக்கையில் வாங்கியவர்கள். கடைசியில் பணம் போனது மட்டுமில்லை, தீவனம் இல்லாமல் பறவைகளும் செத்தன. அபூர்வ மீனை முதலீடு என்று விற்பவன் உங்களையும் அழிப்பான், மீனையும் அழிப்பான்.

ஆக, சந்தை இதைப் பார்த்துக்கொள்ளாது. நான் பி.காம். படித்துக்கொண்டே சொல்கிறேன், சந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது.

மூன்று தொட்டி, மூன்று ஊர்

"சரி தம்பி, நான் விக்கவே மாட்டேன், சாகும்வரைக்கும் பத்திரமா வச்சிக்கிடுதேன்" என்கிற நல்லவர்களுக்கு இது.

உங்கள் தொட்டி ஒரு வருடத்தில் மொத்தமாகச் சாவதற்கு பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நோய், கரன்ட் கட், குளோரின் தண்ணீர், ஊருக்குப் போன நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் டப்பா முழுக்கத் தீவனம் கொட்டுவது, எல்லாம் சேர்த்துத்தான். பத்து வருடம் கழித்து உங்களிடம் அந்த மீன் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 0.9-ஐப் பத்து முறை பெருக்குங்கள். 35 சதவீதம். மூன்றில் ஒன்று.

இப்போது அதே மீன் மூன்று பேரிடம் இருக்கிறது, ஒருவருக்குப் போனால் மற்றவர் குஞ்சு கொடுப்பார் என்று வையுங்கள். ஒரே வருடத்தில் மூவருக்கும் சேர்ந்து போக ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. பத்து வருடம் கழித்தும் மீன் இருக்க 99 சதவீத வாய்ப்பு. கூடுதல் செலவு? இரண்டு பிளாஸ்டிக் கவர், கொஞ்சம் ஆக்சிஜன்.

ஆனால் மூவரும் ஒரே தெருவில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஏன் என்று தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஆறு ஊருக்குள் வந்தது. பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. மனிதர்களுக்கே சோறு தண்ணீர் இல்லாத நேரத்தில் மீன் தொட்டியின் ஏர் பம்பைப் பற்றி யார் யோசிப்பது? தாமிரபரணி மீனுக்குத் தாமிரபரணிக் கரையில் மட்டும்தான் தொட்டி இருந்தது என்றால், ஆற்றுக்கும் தொட்டிக்கும் ஒரே நாளில் ஆபத்து. ஒன்று ஸ்ரீவைகுண்டத்தில், ஒன்று மதுரையில், ஒன்று கொளத்தூரில் இருக்க வேண்டும். நாலாவது பெங்களூரிலோ கொழும்பிலோ இருந்தால் இன்னும் நிம்மதி.

மெக்சிகோக்காரன் செய்தது

இதெல்லாம் கற்பனை என்பவர்களுக்கு ஒரு நிஜம். மெக்சிகோவில் தெகீலா எரிமலைப் பக்கம் தெயுசித்லான் என்று ஒரு சின்ன ஆறு. அதில் விரல் நீளம் கூட இல்லாத, வாலில் ஆரஞ்சுப் பட்டை போட்ட ஒரு மீன். 1998-ல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். ஆற்று மாசும் வெளி மீன்களும் சேர்ந்து அதை ஆற்றிலிருந்து துடைத்துவிட்டன.

ஆனால் ஐரோப்பாவில் சில மீன் ஆர்வலர்கள் அதை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதே 1998-ல் ஐவன் டிபிள் என்ற ஆங்கிலேய ஆர்வலர், செஸ்டர் மிருகக்காட்சி சாலையிலிருந்து ஐந்தே ஐந்து ஜோடிகளை மெக்சிகோவின் மிச்சோவகானா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே பதினைந்து வருடத்துக்கு மேல் அதை வளர்த்துப் பெருக்கினார்கள். 2012-ல் வெளியே குளங்களில் விட்டுப் பழக்கினார்கள். ஆற்றைச் சுத்தம் செய்தார்கள், உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு 1500 மீன்களை ஆற்றில் விட்டார்கள். இன்று அது அந்த ஆற்றில் தானாகப் பெருகுகிறது.

கவனியுங்கள், அந்த ஐந்து ஜோடியை "என்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்று பூட்டி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தாய்லாந்தின் சிவப்பு வால் கறுப்பு ஷார்க் நம்மூர்க் கடைகளிலேயே கிடைக்கும். பண்ணைகளில் லட்சக்கணக்கில் பிறக்கிறது, ஆற்றிலோ இல்லாத குறை. ஆனால் பண்ணை மீனுக்கு எந்த ஆற்று வம்சம், எதோடு கலந்தது என்று ஜாதகம் கிடையாது. திருப்பி ஆற்றில் விட யாருக்கும் தைரியம் வராது. ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது, கணக்குப் புத்தகமும் வேண்டும்.

நெல்லுக்குச் செய்தோமே

வழி தேடி மெக்சிகோ வரை போக வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டிக்குப் போனால் போதும்.

நெல் ஜெயராமனைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். 2018 டிசம்பரில் மறைந்தார். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டவர். 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். அங்கே ஒரு விதி. விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் சும்மா கொடுப்பார்கள். அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ வேறு இரண்டு பேருக்குப் போகும்.

காசு இல்லை, ஏலம் இல்லை, "என் ரகம்" என்ற பெருமை இல்லை. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்று கடையில் கிடைப்பதற்கு இந்த 2 கிலோ 4 கிலோ கணக்கும் ஒரு காரணம்.

மீனுக்கும் இதையே செய்யலாம். என் யோசனை இதுதான்:

1. ஜோடிக் கணக்கில் கொடுக்காதீர்கள். ஆறு மீனாவது கொடுங்கள். ஒரே ஜோடியின் பிள்ளைகளையே மறுபடி மறுபடி சேர்த்தால் சில தலைமுறையில் வம்சம் நொடித்துவிடும்.

2. ஆறு வாங்கியவர் குஞ்சு எடுத்ததும் பன்னிரண்டாகத் திருப்பித் தர வேண்டும். அது வேறு ஊரில் இரண்டு பேருக்குப் போக வேண்டும்.

3. ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த ஆறு, யாரிடமிருந்து வாங்கியது, எத்தனையாவது தலைமுறை, எப்போது முட்டை, எத்தனை பிழைத்தது. கில்லி மீன் வளர்க்கும் அமெரிக்கர்கள் பிடித்த இடத்தின் பெயரை மீனின் பெயரோடேயே சேர்த்து எழுதிப் பல பத்தாண்டுகளாக இதைச் செய்கிறார்கள்.

4. நெருங்கிய சொந்தக்கார இனங்களை ஒரே தொட்டியில் போடாதீர்கள். தாமிரபரணிக் கெண்டையோடு மற்ற நூல் துடுப்புக் கெண்டைகளைச் சேர்த்தால் கலப்புக் குஞ்சு பிறக்கும். அது பார்க்க அழகாகவே இருந்தாலும் அதோடு அந்த வம்சம் முடிந்தது.

5. தொட்டி மீனை எந்தக் காரணத்துக்காகவும் ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். "புண்ணியம்" என்று விட்ட சக்கர் மீன்தான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஆற்றில் விடுவது துறையும் விஞ்ஞானிகளும் முடிவு செய்ய வேண்டிய வேலை. நம் வேலை, அவர்கள் கேட்கும் நாளில் கையில் மீன் இருப்பது.

6. முதல் மீனைத் திருட்டுத்தனமாக ஆற்றில் பிடிக்காதீர்கள். மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே கை வைத்தால் கம்பிதான். வளர்ப்பவரிடம் வாங்குங்கள், இல்லாவிட்டால் அனுமதியோடு ஆராய்ச்சி செய்பவர்கள் வழியாகக் கேளுங்கள்.

கஷ்டமான மீனா என்றால் அதுவும் இல்லை. இந்தக் கெண்டைகள் முட்டையைச் சிதறவிடும், பசித்தால் தானே தின்றுவிடும். தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்பினால் முட்டை இடுக்கில் விழுந்து தப்பிக்கும். பெரியதுகளை எடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு நாளில் பொரியும். முதலில் நுண்ணுயிர்கள், பிறகு ஆர்ட்டீமியா குஞ்சு. அந்த ஆர்ட்டீமியாவைக் கூட வெளிநாட்டு டப்பாவில் வாங்குகிறோம். தூத்துக்குடி உப்பளத்திலேயே ஆர்ட்டீமியா இருக்கிறது!

சில ஆட்சேபணைகள்

"ஆற்றைக் காப்பாற்றாமல் தொட்டியில் வளர்த்து என்ன பயன்?" நியாயமான கேள்வி. சாக்கடையும் மணல் கொள்ளையும் நிற்காமல் எந்த மீனும் பிழைக்காது. ஆனால் ஆற்றைச் சரிசெய்ய இருபது வருடம் ஆகும் என்றால், அந்த இருபது வருடம் மீன் எங்கே இருக்கும்? வீடு எரியும்போது பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடுவது, வீட்டை எரியவிடுவதற்காக இல்லை. ஆனால் தொட்டியில் மீன் இருக்கிறதே என்று ஆற்றில் சாக்கடையைத் திறக்க ஒருவன் வந்தால் அவனை எதிர்த்து முதலில் நிற்க வேண்டியதும் நாம்தான்.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை." செய்யட்டும். தூத்துக்குடியிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் திட்டம் என்றால் அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. நிதி முடிந்ததும் தொட்டி காயும். நம் ஊருக்கே அனுபவம் இருக்கிறது. 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இருபது வருடம் கழித்து, 1981-ல், தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச் சிப்பியைக் குஞ்சு பொரிக்க வைத்து உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்தார்கள். அப்போது அந்த நிறுவனத்தின் இயக்குநர் யார் தெரியுமா? நம் கெண்டைக்குப் பெயர் வைத்த அதே சைலஸ். அறிவியல் ஜெயித்தது. ஆனால் முத்துப் பார்களில் பழைய வாழ்வு திரும்பவில்லை. குஞ்சு எடுக்கத் தெரிவது ஒன்று, அதை வருடக்கணக்கில் விடாமல் தொடர ஊரில் ஆள் இருப்பது வேறு. சிப்பியை வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியாது, சரி. கெண்டையை வளர்க்கலாமே.

"சட்டச் சிக்கல் வந்தா?" வரும். மிஸ் கேரளாவுக்கு வந்தது. அதனால்தான் இப்போதே, பட்டியலில் ஏறுவதற்கு முன்பே, நோட்டோடு வளர்க்கச் சொல்கிறேன். தொட்டியில் பிறந்ததையும் ஆற்றில் பிடித்ததையும் பிரித்துப் பார்க்கிற மாதிரி ஒரு பதிவு முறையை மீன்வளத் துறையும் வனத் துறையும் கொண்டுவர வேண்டும். கேட்பதற்கு நமக்கு யோக்கியதை வேண்டுமென்றால் முதலில் நாம் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

"எல்லாரிடமும் வந்துவிட்டால் மதிப்பு போய்விடுமே?" ஆமாம் அண்ணாச்சி, போய்விடும். போகட்டும். அந்த மதிப்பு உங்களுடையது, மீனுடையது இல்லை. ஜோடி 20 ரூபாய்க்கு ஸ்ரீவைகுண்டம் சந்தையில் தாமிரபரணிக் கெண்டை கிடைக்கிற நாளில் அதைத் திருட ஆற்றுக்கு ஒருவனும் போக மாட்டான்.

வண்ண மீன் சங்கங்கள் வருடா வருடம் பெரிய மீனுக்கும் அழகான மீனுக்கும் கோப்பை கொடுக்கின்றன. ஒரு கோப்பையை மாற்றிக் கொடுங்கள். அந்த வருடம் நம் ஆற்று மீன் ஒன்றை அதிகப் பேருக்குப் பெருக்கிக் கொடுத்தவருக்கு. தொட்டியில் இருப்பதைக் கேட்காதீர்கள், எத்தனை பேருக்குப் போனது என்று நோட்டைக் கேளுங்கள். இதை நடத்த எந்தச் சங்கம் முன்வந்தாலும் கணக்கு எழுத நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

பி.கு: நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் யாரிடமாவது தொட்டியில் பிறந்த தாமிரபரணிக் கெண்டை இருந்தால் தயவுசெய்து விற்றுத் தீர்க்காமல் ஆறு மீனாவது நிறுத்தி வையுங்கள். விலை விழுந்த வருடத்திலும்.